கண்ணாடிக்குள் உங்கள் கையெழுத்து

அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நான்கு நாட்களாகின்றன. கனடாவிலிருந்து உங்கள் தம்பி தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, உங்கள் அறையைக் காலி செய்ய இன்று காலை வெள்ளவத்தைக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றார். "பிள்ளை, அலுமாரியை மட்டும் கெதியா வெறுமையாக்கித் தாங்கோ. புது ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை வருகினம்" என்றார். சேலைகளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கொழும்பில் தங்கத் தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டுகளை வருட வரிசையில் அடுக்கி வைத்திருந்தீர்களே, அந்தக் கடித உறைக்குக் கீழே ஒரு பொலித்தீன் பை இருந்தது. உள்ளே ஒரு மஞ்சள் துணி. மடிப்புக்கூடக் கலையவில்லை. மூலையில் அந்தக் கார் நூதனசாலையின் சின்னம்.

பையைத் திறந்ததும் மெழுகு மணம் வந்தது. கார் துடைப்பதற்கென்று மெழுகில் தோய்த்துச் செய்த துணி அது. எலுமிச்சை வாசம் கலந்த, விலை கூடிய மணம். கெட்ட மணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கோ வாய் நிறைய எச்சில் ஊறியது. உங்கள் குளியலறைக்கு ஓடிப்போய் ஓங்காளித்தேன். "காலமை ஒண்டும் சாப்பிடேல்லையோ?" என்று வீட்டுக்கார அம்மா கதவுக்கு வெளியே நின்று கேட்டார். "இல்லை அம்மா" என்றேன். நான்கு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

இந்தத் துணியை ஏன் வைத்திருந்தீர்கள்? பாவிக்கவும் இல்லை, எறியவும் இல்லை. இதைக் கேட்க இனி நீங்கள் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் காரை நீங்கள் துடைத்தது உங்கள் அப்பாவின், எங்கள் டொக்டர் மாமாவின், கிழிந்த வேட்டியால். கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று ஒவ்வொரு நாளும் காலையில், வேலைக்குப் போகுமுன், குந்தியிருந்து துடைப்பீர்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. பல் தீட்டிக்கொண்டே நான் பார்த்திருப்பேன். மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை ஊர் திரும்பும்போது உங்கள் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போன பச்சைக் கார் அது. இங்கிலாந்தில் செய்தது. இரண்டே சீட். கூரைக்குப் பதிலாகச் சுருட்டி வைக்கும் கன்வஸ் ஹூட். முழங்கால் நோவுடன் அதற்குள் இறங்கி ஏற முடியாமல், உங்கள் இருபத்தோராவது பிறந்த நாளில் டொக்டர் மாமா அதை உங்கள் பெயருக்கே எழுதித் தந்தார்.

ஒழுங்கை முழுவதும் சிரித்தது. என் அம்மாதான் முதலில் தொடங்கினார்.

"உதென்ன பிள்ளை, நிலத்தோட பதிஞ்சு கிடக்கு. ரெண்டு சீட் எண்டால் நாளைக்கு மாப்பிள்ளை எங்க இருக்கிறது?"

"மாப்பிள்ளை பக்கத்தில இருக்கட்டும் மாமி. மாமியார்தான் பஸ்ஸில வரவேணும்" என்றீர்கள்.

மாப்பிள்ளை வரவில்லை. பக்கத்து சீட் எனக்குக் கிடைத்தது. ஞாயிறு காலைகளில் காலி வீதி வெறிச்சோடிக் கிடக்கும்போது தெஹிவளை தாண்டிக் கல்கிசை வரைக்கும் போய் வருவோம். ஹூட்டைக் கழற்றிவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு. நடைபாதைக் கடைகளில் வாங்கிய பழைய கார்ச் சஞ்சிகைகள் உங்கள் கட்டிலுக்கடியில் இருந்தன. உங்கள் கார் பிறந்த தொழிற்சாலையின் படம் ஒன்றில் இருந்தது. நீளமான கூடம், வரிசையாய்ப் பெயின்ட் அடிக்காத கார்கள். "செத்துப்போக முதல் ஒரு கார் பக்டரியை உள்ளுக்குப் போய்ப் பாக்கவேணும். கோயில் எல்லாம் பிறகு" என்பீர்கள்.

ஒரு நாள் ஸ்பீடோமீட்டரின் முள் வெயிலில் வெளிறிப்போய்த் தெரியவில்லை என்று கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தீர்கள். நான் என் கியூடெக்ஸ் போத்தலைக் கொண்டுவந்து முள்ளுக்குச் சிவப்பு நகப்பூச்சுப் பூசினேன். கை தவறி ஒரு சொட்டு நாற்பது என்ற இலக்கத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அழித்துவிடுவோம் என்றேன். நீங்கள் விடவில்லை.

"நாப்பதுக்குப் பொட்டு வச்சிட்டாய். இருக்கட்டும். இனி நாப்பதைத் தாண்டேக்க உன்ர ஞாபகம் வரும்."

அந்தச் சொட்டைப் பிறகு எங்கே கண்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முதல் நடந்ததை எழுதவேண்டும். அதை நாம் இரண்டு பேரும் ஒருபோதும் முழுதாகக் கதைத்ததில்லை.

கலவரத்தின் இரண்டாம் நாள். காலி வீதிப் பக்கம் புகை. எங்கள் ஒழுங்கைக்குள் தமிழர் வீடுகளை எரிக்கும் கும்பல் இன்னும் வரவில்லை. உங்கள் காரை வழக்கமாகத் திருத்தும் மெக்கானிக் பாஸ் பின்மதிலால் ஏறிக் குதித்து வந்தான். நல்ல மனிதன் என்று எல்லோரும் நம்பிய ஆள். "பய வென்ன எப்பா, மிஸ்ஸி" என்றான் சிங்களத்தில். பயப்படாதே என்று. ஆனால் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது அவன்தான். தமிழ் ஆளின் பெயரில் இருந்தால் காரை எரிப்பார்கள், ஓப்பின் பேப்பர் எழுதித் தாருங்கள், என் கராஜில் விடுகிறேன், யாரும் கேட்டால் கார் என்னுடையது என்று காட்டுகிறேன் என்றான்.

ஓப்பின் பேப்பர் என்றால் என்ன என்று கொழும்பில் வாகனம் வைத்திருந்த எவருக்கும் தெரியும். உரிமை மாற்றும் படிவத்தில் விற்பவர் மட்டும் கையெழுத்துப் போடுவார். வாங்குபவரின் பெயர், திகதி, சாட்சி எல்லாம் வெற்றிடம். அந்தக் கடதாசி எவருடைய கையில் இருக்கிறதோ, கார் அவருடையது. அவசரத்துக்குக் கைமாற்ற இந்த ஊர் கண்டுபிடித்த குறுக்கு வழி. அந்த நாட்களில் எத்தனை தமிழர்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டு வாகனத்தைக் காப்பாற்றலாம் என்று நம்பினார்களோ.

நீங்கள் தயங்கினீர்கள். "அப்பாவைக் கேக்கவேணும்" என்றீர்கள். டொக்டர் மாமா உள்ளே மருந்துப் பெட்டிக்குள் நகைகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான்தான், பதினெட்டு வயதுக்காரி, உங்களை உலுப்பினேன்.

"போடுங்கோ அக்கா! கார் எரிஞ்சா என்ன செய்வியள்?"

பேனா தேடினீர்கள். நான் எங்கள் வீட்டுக்கு ஓடி என் பள்ளிக்கூடப் பேனாவைக் கொண்டுவந்து தந்தேன். பொனட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள். சாட்சி என்ற இடத்தில் நான் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், எல்லாம் வெறுமையாக இருந்தால்தான் நல்லது என்று அவன் தலையாட்டினான். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு உங்கள் வீடு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமில் மூன்று கிழமை இருந்தோம். வெளியே போகலாம் என்றதும் நீங்கள் முதலில் போனது வீட்டைப் பார்க்க அல்ல, கராஜுக்கு. நானும் வந்தேன். பாஸ் எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்தான். "கார் எக்க பிச்சுவா, மிஸ்ஸி." எரித்துவிட்டார்களாம். காட்டுவதற்கு ஒரு கரிக்கட்டைகூட இல்லை. தகட்டை இரும்புக்காரர் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றான். நீங்கள் அவன் தோளைத் தொட்டு, "இஸ்தூதி" என்றீர்கள். முயற்சி செய்ததற்கு நன்றி. காரைப் பறிகொடுத்தவள், அதைக் கொண்டுபோனவனுக்கு ஆறுதல் சொன்னாள். அன்றைக்கு அது எனக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. இன்று அப்படித் தெரியவில்லை.

பிறகு இருபத்துச் சொச்சம் வருடம். டொக்டர் மாமா யாழ்ப்பாணத்தில் போய் இறந்தார். நீங்கள் தனியே திரும்பி வந்து ஒரு அலுவலகத்தில் தட்டச்சு செய்து, ஒரு அறையில் வாடகைக்கு இருந்தீர்கள். நான் கொட்டாஞ்சேனையில் கலியாணம் முடித்து, ஓர் அச்சகத்துக்கு மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். நீங்கள் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஆனால் உங்கள் அறையில் தேத்தண்ணீர் குடிக்கும்போது வீதியில் ஏதாவது இரைந்து போனால், யன்னலைப் பார்க்காமலேயே அது என்ன கார், அதற்கு என்ன கோளாறு என்று சொல்வீர்கள்.

அதனால்தான் அந்த வேலை வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஹெந்தளைப் பக்கத்தில் பஸ் உடல் கட்டும் தொழிற்சாலை ஒன்று. அதன் சேர்மன் பழைய கார்கள் சேர்ப்பவர். தொழிற்சாலையோடு சேர்த்து ஒரு நூதனசாலை திறக்கிறார், பலகைகளை மூன்று மொழியிலும் வைக்கவேண்டும், தமிழ் உங்களுடையது என்று அச்சக முதலாளி சொன்னார். திறப்பதற்கு முன் வந்து பார்க்க இரண்டு அனுமதி அட்டை தந்தார்கள். உங்களுக்கு உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் ஒன்பதாம். பக்டரியும் காட்டுவினமாம். சாகமுதல் பாக்கவேணும் எண்டனீங்கள்."

"கோயிலுக்குப் போற மாதிரி முழுகிப்போட்டு வாறன்" என்றீர்கள்.

உண்மையிலேயே முழுகி, நீல நூல்சேலை உடுத்து வந்தீர்கள். வழியில் ஆற்றுப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்ட சிப்பாய் உங்களைத் தனியே நிறுத்தினான். எங்கே போகிறீர்கள் என்று கேட்டான். கார் பார்க்க என்றீர்கள். அவன் நம்பவில்லை. அனுமதி அட்டையைக் காட்டினேன். நாற்பத்தேழு வயதுப் பெண் கார் பார்க்கப் போகிறாளாம் என்று மற்றவனிடம் சொல்லிச் சிரித்தான். நீங்களும் சிரித்தீர்கள். அன்றைக்கு எதுவும் உங்களைத் தொடவில்லை.

முதலில் தொழிற்சாலை. சேலை கட்டிய ஒரு பெண், விளம்பரப் பிரிவில் வேலை செய்பவர், எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அலுமினியத் தகட்டில் ஆணி அடிக்கும் இரைச்சல். பெயின்ட் மணம். எலும்புக்கூடாய் நின்ற பஸ்களுக்கு நடுவில் நீங்கள் நின்று நின்று பார்த்தீர்கள். ஒரு வெல்டிங் ஆளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டீர்கள்; அவன் தன் கண்ணாடியை உங்களுக்குக் கழற்றித் தந்து, நெருப்பைக் காட்டினான். பிறகு கடைசிக் கொட்டகை வந்தது. அங்கே பஸ் இல்லை. பச்சை லொறிகள் வரிசையாக நின்றன. பக்கங்களில் விரல் தடிப்பான உருக்குத் தகடு வைத்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சுடுவதற்குச் சிறு சதுர ஓட்டைகள். "இது அரசாங்க வேலை, இங்கே நிற்கவேண்டாம்" என்று அந்தப் பெண் அவசரப்படுத்தினார். ஒரு விநாடி எங்கள் இருவரின் பேச்சும் நின்றது. நாங்கள் தமிழில் கதைத்துக்கொண்டு வந்திருந்தோம்.

அதற்கு அடுத்த கதவுதான் நூதனசாலை. குளிரூட்டியின் காற்று, கம்பளம், இந்த மெழுகு மணம். தகடு அடிக்கும் சத்தம் சுவருக்கு அப்பால் மெதுவாகக் கேட்டது. அங்கே வருகிற காசில் இங்கே பளபளக்கிறது என்று அப்போதே எனக்குப் பட்டது. நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. ஒவ்வொரு காராகக் கும்பிடாத குறையாக நகர்ந்தீர்கள். ஏழாவது கார் பச்சை.

"என்ர கார் மாதிரியே" என்றீர்கள். குரலில் அவ்வளவு ஆசை. ஓடாத குறையாகப் போய்க் கதவு மேலால் எட்டிப் பார்த்தீர்கள். நான் மற்றப் பக்கம் நின்றேன். டாஷ்போர்டில் ஒரு சிவப்பு முள். கோணலாகப் பூசியது. நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு.

"அக்கா, முள்ளு..."

"கண்டிட்டன். வாயை மூடு."

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் காரின் கடதாசிகள். நூதனசாலை அல்லவா, எல்லாவற்றுக்கும் ஆதாரம் வைப்பார்கள். நடுவில் உரிமை மாற்றும் படிவம். உங்கள் பெயர். உங்கள் கையெழுத்து, இருபத்துநாலு வயதுக் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிட்டு. அது என் பேனாவின் நீல மை. வாங்கியவரின் பெயரும் திகதியும் கறுப்பு மையில் இருந்தன. வாங்கியவர் சேர்மன். திகதி, நாங்கள் முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற இரண்டாம் கிழமை. சாட்சி என்ற இடத்தில் நாங்கள் கேள்விப்படாத ஒரு பெயர்.

ஆக, எரிந்துவிட்டது என்று அவன் எங்களுக்குச் சொன்ன நாளில் அது விற்று ஒரு கிழமைக்கு மேல். நீங்கள் அவன் தோளைத் தொட்டு நன்றி சொன்னபோது அது இந்தச் சேர்மனின் வீட்டில் நின்றிருக்கிறது.

விளம்பரப் பெண் பாடமாக்கியதை ஒப்புவித்தார். கைவிடப்பட்டுக் கொட்டிலொன்றில் துருப்பிடித்துக் கிடந்த கார். கடைசிச் சொந்தக்காரர்கள் வெளிநாடு போய்விட்டார்கள். எங்கள் சேர்மன் அன்போடு மீட்டெடுத்தார். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். நகம் பதிந்தது.

அந்த நேரம் அவரே வந்துவிட்டார். அறுபத்தைந்து வயது, வெள்ளைச் சேர்ட், மென்மையான குரல். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தேத்தண்ணீரும் பட்டர் கேக்கும் கொண்டுவரச் சொன்னார். கார்பரேட்டரைப் பற்றி நீங்கள் ஒரு வசனம் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது. ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள்.

"மேடத்துக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"என் அப்பாவிடம் இப்படி ஒன்று இருந்தது."

"அப்படியா! அது என்னவாயிற்று?"

பின்னால் இரண்டு அடி தூரத்தில் உங்கள் பெயர் கண்ணாடிக்குள் இருக்கிறது. கையை நீட்டிக் காட்டினால் போதும்.

"எரிந்துவிட்டது" என்றீர்கள்.

அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "பயங்கரம். அந்த நாட்களில் எவ்வளவு அருமையான கார்களை இழந்தோம், தெரியுமா? நினைத்தால் எனக்கு இன்னும் நித்திரை வராது. கார்களுக்கு இனம் ஏது, மேடம்?" பிறகு பச்சைக் காரின் மட்காட்டைத் தடவினார். "இதைக் கொண்டுவந்து தந்த மெக்கானிக், பாவம், செத்துப்போய்விட்டான். பிரிய மனமில்லாமல் அழுதான்."

அவர் இழந்தது கார்களை. அந்த நாட்களைப் பற்றி அவருக்கு இருந்த துக்கம் அவ்வளவுதான். நடிப்பே இல்லை, உண்மையான துக்கம். அவர் தந்த கேக் என் வாயில் இருந்தது. அவருடைய தட்டில் துப்பியிருக்கவேண்டும். விழுங்கினேன்.

வெளியே போகும்போது வருகையாளர் புத்தகம். பெயர், முகவரி, கருத்து. நீங்கள் பேனாவை வாங்கிக் கருத்து என்ற இடத்தில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதினீர்கள்: மிக அழகாகப் பராமரிக்கப்பட்டுள்ளது, நன்றி. பெயர் இல்லையே என்று சேர்மன் சிரித்தார். "பெயர் எதற்கு" என்று நீங்களும் சிரித்தீர்கள். எழுதினால் அது சட்டத்துக்குள் இருக்கும் பெயராயிற்றே. அவர் கையாலேயே உங்களுக்கு இந்த மஞ்சள் துணியைத் தந்தார். கார் நேசிக்கும் ஒருவருக்கு என் அன்பளிப்பு என்றார்.

பஸ் பாலத்தைத் தாண்டியது. பிறகு திடீரென்று, "அழுதவனாம்" என்றீர்கள். சிரிக்கத் தொடங்கினீர்கள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தீர்கள். நான் கோபத்தில் வெடித்தேன்.

"ஏன் அக்கா சொல்லேல்லை? ஆதாரம் அவன்ர சுவரிலயே தொங்குது!"

"என்ன ஆதாரம்? நான் சைன் வச்சிருக்கிறன் எண்டுதான் அதில கிடக்கு. ஆரும் என்ர கையைப் பிடிச்சு வைப்பிக்கேல்லை."

உலுப்பியது நான். அதை நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"அடுத்த கொட்டிலில என்ன செய்யிறாங்கள் எண்டு கண்டனி தானே" என்றீர்கள், குரலைத் தாழ்த்தி. "அந்த ஆள் ஒரு டெலிபோன் எடுத்தாக் காணும். நான் தனிச்சு இருக்கிறவள். பதிவுத் துண்டில பிழை எண்டு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனா, ஆர் வந்து கேக்கிறது? அரியண்டமா, அருவருப்பா இருக்கெண்டால் வாயைக் கழுவிப்போட்டு இருக்கவேண்டியதுதான்."

பலகைகளுக்கான வாசகங்கள் அடுத்த கிழமை என் மேசைக்கு வந்தன. ஏழாம் இலக்கம்: கைவிடப்பட்ட கார், வெளிநாடு போனவர்கள், சேர்மனின் அன்பு. நான் உங்களிடம் வந்து ஒரு யோசனை சொன்னேன். இந்த ஊரில் தமிழ்ப் பலகையை யாரும் சரிபார்ப்பதில்லை. பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் தமிழ் என்ற பெயரில் என்னென்னவோ தொங்குகிறது, எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் பொய் இருக்கட்டும், தமிழில் உண்மையை எழுதிவிடுகிறேன் என்றேன். எனக்கு அது பெரிய துணிச்சலாகத் தெரிந்தது.

நீங்கள் கூந்தலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை.

"அவனுக்கு விளங்காத பாஷையில அவனைக் கள்ளன் எண்டுறதோ? பூட்டின அறைக்குள்ள நிண்டு துப்பினா ஆற்ற முகத்தில படும்? உன்ர முகத்திலதான்."

அதற்குப் பிறகு நான் செய்ததை உங்களிடம் சொல்லவில்லை. அந்தப் பொய்யை மொழிபெயர்த்தேன். அதுவும் எப்படி? 'கைவிடப்பட்ட' என்பதா 'அநாதரவாகக் கிடந்த' என்பதா என்று அரை மணி நேரம் யோசித்தேன். 'மீட்டெடுத்தார்' என்ற சொல் வாசிக்க நன்றாக ஓடுகிறது என்று மனதுக்குள் ஒரு திருப்திகூட வந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. கொழும்பிலேயே பிழை இல்லாத தமிழ்ப் பலகை அதுவாகத்தான் இருக்கும். என்னை நினைத்து நான் அருவருத்த நாட்கள் வேறும் உண்டு. ஆனால் அந்தத் திருப்தியைப் போல் எதுவும் இல்லை. சேர்மன் வாங்கினார், பாஸ் விற்றான். அதை அழகான தமிழில் உண்மையாக்கியது நான்.

நீங்கள் நோயில் படுத்தபோது ஒரு தரம் கேட்டீர்கள். "அந்தப் பலகையில என்ன போட்டனி?" பக்கத்துக் கட்டில்காரி ஏதோ கேட்டு உங்கள் கவனம் திரும்பியது. எனக்குப் பதில் சொல்லவேண்டி வரவில்லை. அதற்காக அந்தப் பக்கத்துக் கட்டில்காரிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். உங்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அந்த நன்றியைத்தான் போலிருக்கிறது.

போன கிழமை அந்த வேலை திரும்பவும் வந்தது. நூதனசாலைக்கு ஒரு சிறு புத்தகம் அச்சிடுகிறார்களாம், பலகை வாசகங்கள் மூன்று மொழியிலும். அச்சுக்கு முன் தாள்களைப் பார்த்துச் சரி என்று எழுதித் தரவேண்டும். "அப்பிடியே ஓகே எண்டு போட்டுத் தாங்கோ தங்கச்சி. தமிழை ஆர் வாசிக்கப்போறான்?" என்றார் அச்சக முதலாளி. ஐந்து நாட்களாகத் தாள்கள் என் மேசையில் கிடந்தன. இன்று உங்கள் அறையிலிருந்து துணியோடு கொட்டாஞ்சேனைக்கு வந்து, சோறு வைக்காமல், மேசைக்கு முன் இருந்தேன்.

ஏழாம் பக்கத்தைப் பேனாவால் குறுக்கே வெட்டினேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதினேன், சேர்மன் வாசிப்பது அதைத்தான். பிறகு சிங்களம், அதன் எழுத்துகளில் என் கை எப்போதும் மெதுவாகத்தான் போகும். தமிழைக் கடைசியாக வைத்தேன். இந்தக் கார் கைவிடப்பட்டதல்ல. கலவர நாட்களில் எரிக்கப்படாமல் இருக்கவென்று இதன் சொந்தக்காரி ஒரு மெக்கானிக்கின் கையில் ஒப்படைத்தது. கண்ணாடிக்குள் உள்ள கையெழுத்து அவருடையது, திகதி அவருடையதல்ல. அந்தத் திகதியில் அவர் அகதி முகாமில் இருந்தார். ஸ்பீடோமீட்டரின் முள்ளுக்குச் சிவப்புப் பூசியது நான்.

மூன்று மொழியிலும் இவ்வளவுதான். அச்சிடமாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் சேர்மன் வாசிப்பார். வாசித்துவிட்டுச் சட்டத்தைப் பார்ப்பார். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கலாம். அச்சக முதலாளியை இதற்குள் இழுக்க எனக்கு விருப்பமில்லை. நாளைக் காலை நானே பாலம் தாண்டிப் போய்த் தொழிற்சாலை வாசலில் கொடுப்பேன். மஞ்சள் துணியையும் தாள்களோடு ஒரே உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டேன். கைகளைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியும் அந்த மணம் போகவில்லை. போகாமல் இருக்கட்டும். நீங்கள் விழுங்கியதை நான் விழுங்கப்போவதில்லை.

உங்கள் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, அக்கா. அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கீழே ஒரு கோடு போட்டு, சாட்சி என்று எழுதி, என் முழுப் பெயரையும் கொட்டாஞ்சேனை முகவரியையும் வீட்டு இலக்கத்தோடு எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். பேனா அன்றைக்கும் என்னுடையதுதான்.